உவர்மண் குழுவின் ஒரே கேசட்

இராமநாதபுரத்தில் கேசட் கடை வைத்திருந்தவர்களில் கடைசியாக மிஞ்சியவர் நாகநாதன். மற்றவர்கள் காலத்தோடு செல்போன் கடைக்கு மாறிப் பிழைத்துக்கொண்டார்கள். இவர் மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, பிறத்தியார் வீட்டுக் கல்யாணக் கேசட்டையும் காதுகுத்துக் கேசட்டையும் சிடியாக்கிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் சத்தம் மட்டும் ஆகாது. சிடி வாங்க வந்தவர் தும்மினால்கூட ஏதோ குடியைக் கெடுத்தவனைப் பார்ப்பதுபோல் முறைப்பார். அவர் கழுவித் துடைத்துக் கொடுத்த சிடியில் இரைச்சல் மருந்துக்கும் இருக்காது. "நாகநாதன் கடைன்னா சுத்தம்" என்று ஊரில் பேர். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு அவர் செய்த வேலை வேறு. எண்பதுகளில் இந்தச் சீமையில் சொந்தப் பாட்டு மட்டுமே பாடுகிற செட்டுகள் சில இருந்தன. வேலை கிடைக்காத இளவட்டங்கள் நாலு பேர், ஒரு கிட்டார், ஒரு டோலக், இரவல் மைக். சினிமாப் பாட்டைத் தொடவே மாட்டார்கள். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் "நமக்குத் தெரிஞ்ச பாட்டா நாலு பாடுங்கப்பா" என்று கெஞ்சிப் பார்ப்பார்கள். கேட்டால்தானே! அடுத்த வருஷம் மேடை கிடைக்காது. அக்காள்மடத்துச் செட்டு ஒன்று மேடையே கிடைக்காமல் மீன் ஏலக் கொட்டகையில் பாடிக்கொண்டிருந்தது. எந்தக் கம்பெனியும் அவர்கள் பாட்டைச் சீந்தவில்லை. கேசட்டில் தாங்களே பதிந்து, நாகநாதன் கடையில் நகல் எடுத்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் கண்ட புகழ்.

அந்தக் கேசட்டுகளை வீடு வீடாகத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு வலைப்பூவில் போட்டுவந்தார் நாகநாதன். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், "இது எங்க பக்கத்துப் பாட்டா?" என்று நம்பாமல் எழுதிக் கேட்டார்கள்.

எல்லாம் கிடைத்தும் ஒன்று மட்டும் அகப்படவில்லை. அது உவர்மண் குழு. மாரியூருக்கு மேற்கே ஒரு கூலிக்கார வீட்டுப் பிள்ளை வீரையா அதில் பாடினான். சாயல்குடிப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவில் நாகநாதன் அவனை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். சனம் மண்ணை வாரி எறிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்:

*கருவேல முள்ளுக்கும் ஒரு நெழலிருக்கு – அந்த*
*நெழலுக்கும் கூலி கேக்குற ஊரிருக்கு.*

நாகநாதனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "கேசட் போட்டா எங்கிட்ட வாப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். அவன் வரவில்லை. விறகு வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்து, கைப்பிள்ளையையும் பெண்டாட்டியையும் விட்டுவிட்டுச் செத்துப்போனான் என்ற சேதிதான் வந்தது. அந்தக் குரல் மண்ணோடு மண்ணாய்ப் போனதே என்று இருபது வருஷத்துக்கு மேல் அவருக்கு ஒரு குறை இருந்தது.

2009இல் அந்தக் குழுவின் டோலக்காரர் பால்சாமி ஒரு கேசட்டோடு கடை தேடி வந்தார். வீரையா சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தன் வீட்டில் வைத்தே பதிந்ததாம். இத்தனை காலமும் பால்சாமி வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்திருக்கிறது.

"இது ஒண்ணுதாண்ணே இருக்கு. உப்புக் காத்துல பூத்துப்போச்சு. ஓடுமா?"

நாகநாதன் திறந்து பார்த்தார். நாடா ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம். விரலில் பழுப்புத் தூள் ஒட்டியது. ஓடினால் ஒரு தடவை ஓடும், மறுதடவை சந்தேகம். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்து, கரண்டு போய்விடக் கூடாதே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். வீரையா பாடினான். அப்பழுக்கில்லாத அதே குரல். நாகநாதன் அழுதுகொண்டே கேட்டார். ஓடி முடித்தபோது பிளேயருக்குள் பழுப்பாகத் தூள் உதிர்ந்து கிடந்தது. பஞ்சால் துடைத்துக் குப்பையில் போட்டார்.

பிறகு சுத்தம் செய்ய உட்கார்ந்தார். பாட்டுகளுக்கு நடுவே கோழி கத்தியது, அடுப்படியில் சட்டி உருண்டது, யாரோ என்னமோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுச் சத்தம். இப்பேர்ப்பட்ட குரலுக்கு நடுவில் இது என்ன சந்தைக்கடை என்று நினைத்தார். ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தார். பாட்டுகள் பளிங்குபோல் நின்றன. கேசட் ஓடும்போது முழுசாக ஏற்றியிருந்த பெரிய ஃபைல் கம்ப்யூட்டரில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததால் அதையும் அழித்துவிட்டு, பாட்டுகளை வலைப்பூவில் போட்டார். அன்றைக்கு அவரைப்போல் சந்தோஷமான ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது.

பாட்டு பரவியது. செல்லிலிருந்து செல்லுக்குத் தாவித் திருப்பூர் வரைக்கும் போய்விட்டது. அங்கே பனியன் கம்பெனியில் வேலை செய்த இராமலட்சுமி என்ற பெண், பக்கத்து மிஷின்காரியின் செல்லில் ஒரு பாட்டைக் கேட்டு, பாடியவர் பேரைப் பார்த்து, தையலை நிறுத்திவிட்டாள். அவள்தான் வீரையாவின் அந்தக் கைப்பிள்ளை.

அவள் விசாரித்து நாகநாதனுக்குப் போன் போட்டாள். ஒரு வாரம் கழித்து அவளுடைய அம்மா சேதுலட்சுமி சாயல்குடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். வெயிலில் கருத்து மெலிந்த பெண். நாகநாதன் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டு, "உக்காருங்க தாயி" என்று ஹெட்போனைத் தானே மாட்டிவிட்டார். அவருக்கு நெஞ்சு விம்மியது. செத்தவனைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு.

அவள் கேட்டாள். ஒவ்வொரு பாட்டும் முடியும்போது சட்டென்று நிமிர்ந்தாள். அடுத்த பாட்டு தொடங்கியதும் தலை தாழ்ந்தது. கடைசிப் பாட்டும் முடிந்த பிறகு ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டாள்.

"எல்லாம் பாடுறாகண்ணே. பேசுறது எங்க?"

"பேசுறதா?"

"நடுவால பேசுவாகல்ல. நான் அடுப்படியில சட்டியை உருட்டிப்புட்டேன். பாட்டு கெட்டுப்போச்சேன்னு ஈரக்கொலை நடுங்கிருச்சு. இவுக பாட்டை நிறுத்திட்டு, 'ஏ சேது, தாளம் நல்லாத்தான் இருக்கு, இன்னொருக்கா உருட்டு'ன்னாக. எல்லாரும் சிரிச்சாக." சொல்லும்போதே அவள் முகத்தில் வெட்கம் வந்தது. "என்னைய 'இந்தா'ன்னுதாண்ணே கூப்புடுவாக. பேரு சொன்னது அந்த ஒரு தடவைதான்."

நாகநாதன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"மக கேக்குறாண்ணே. 'பாட்டு சரிம்மா, அய்யா பேசுனா எப்புடி இருக்கும்'னு. நான் எப்புடிச் சொல்ல? எனக்கே மறந்துபோச்சு. அதான் கேட்டுட்டுப் போயி, வந்து கேளுத்தான்னு அவளுக்குச் சொல்லலாம்னு வந்தேன்."

அவர் மேஜையைத் திறந்து கேசட்டை எடுத்தார். பிளேயரில் போட்டார். உஸ்ஸென்று இரைந்தது, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் ஒரு இழுப்பு, பிறகு நாடா சிக்கி நின்றது. பென்சிலை விட்டுச் சுற்றி மறுபடியும் போட்டார். மறுபடியும் சிக்கி, இந்தத் தடவை அறுந்தது. சேதுலட்சுமி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வெட்டிட்டேன் தாயி" என்றார். "சத்தம்னு நெனச்சு வெட்டிட்டேன். பாட்டு மட்டும் போதும்னு நெனச்சேன். எங்கயும் இல்ல."

அவள் ஏசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் ஏசவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தாள். மகளுக்கென்று அவர் பதிந்து வைத்திருந்த சிடியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"நீங்க என்னண்ணே செய்வீக? நான் அன்னைக்குச் சட்டியை உருட்டாம இருந்திருந்தா நீங்க வெட்டியிருக்க மாட்டீக."

அவள் உருட்டாமல் இருந்திருந்தால் வீரையா அவளைப் பேர் சொல்லியே கூப்பிட்டிருக்க மாட்டான். அதைச் சொல்லத்தான் நாகநாதன் வாயைத் திறந்தார். அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். அவர் எழுந்து தெருவுக்கு வருவதற்குள் அவள் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.