பின் சீட்டிலிருந்து ஒரு தட்டு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் உரசிக் கொடுப்பது அவர் வேலை. முதலாளி முதல் வாடிக்கையாளர் வரை எல்லோருக்கும் அவர் லென்ஸ்காரர்தான். கையில் அப்படியொரு சுத்தம். பிரேமுக்குள் வைத்து அழுத்தினால் லென்ஸ் 'டிக்'கென்று போய் உட்காரும். திரும்ப எடுத்து உரசுகிற பேச்சே கிடையாது. ஆனால் புதுக் கண்ணாடி போட்டவர்கள் மறுநாளே திரும்பி வந்து, தரை பள்ளமாகத் தெரிகிறது, படி இறங்கினால் தலை சுற்றுகிறது என்று புலம்பினால், அவரிடம் இருந்தது ஒரே ஒரு மருந்து: "நாலு நாள் போடுங்க, பழகிடும்." முக்கால்வாசிப் பேருக்குப் பழகியும்விட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. எது பழகும், எது பழகாது என்று நின்று பார்க்கிற வழக்கமே மனிதருக்கு விட்டுப்போனது.

வீட்டிலும் அதே கதைதான். குழாய் சொட்டுகிறதா, பழகிடும். கதவு கிறீச்சிடுகிறதா, பழகிடும். மனைவி இதற்கெல்லாம் சண்டை போடுகிற ஆள் இல்லை. சண்டை போட இடமும் இல்லை. இரண்டே அறை உள்ள வீடு. முன்னறையில் லென்ஸ்காரரின் அப்பா. எண்பதைத் தாண்டியும் காது மட்டும் சர்வீஸுக்கே போகாத மனிதர். சமையலறையில் கரண்டி விழுந்தால், எந்தக் கரண்டி என்று கட்டிலிலிருந்தே சொல்லுவார். அவர் முன்னால் குடும்ப விஷயம் ஒன்றைப் பேசினால், இரவுக்குள் அவருடைய பெண்கள் அத்தனை பேருக்கும் போனில் போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது எல்லாம் பைக்கில்தான். அவள் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தாள். காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டு, மாலையில் கடையை முடித்துக்கொண்டு கூட்டி வருவார். பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, அவர் தோளில் கை போட்டு, காதோரம் அன்றைய கதையை ஆரம்பிப்பாள். எந்தப் பிள்ளை எதைக் கடித்தது, யாருக்கு யார்மேல் கோபம், மகளின் படிப்புக்கு என்ன செய்வது, எல்லாம் அந்தச் சீட்டில்தான் முடிவானது. மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு ஊருக்குப் போன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. நல்ல பேச்சாக இருந்தால் லென்ஸ்காரர் சுற்று வழியில் வண்டியைத் திருப்புவார். அதை அவளும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிடுவாள்.

பைக் அவர்கள் கல்யாணத்துக்கும் முந்தையது. அதற்கு வயதாகிவிட்டது என்று முதலில் சொன்னது அவள்தான். "பின்னாடி என்னமோ ஆடுதுங்க." ரோடு சரியில்லை என்றார். அடுத்த மாதமும் சொன்னாள். டயரில் காற்று குறைச்சல் என்றார். மூன்றாவது தடவை அவள் சொன்னபோது, வாயில் தயாராக இருந்ததை எடுத்து விட்டார்: பழகிடும்.

தண்ணீர்த் தொட்டி வளைவில்தான் அது நடந்தது. "அக்கா நேத்து போன் பண்ணா. யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்" என்று அவள் ஆரம்பித்த அந்த நேரம், வண்டியின் பின்பாதி ஒரு பக்கமாக வாலை ஆட்டியது. லென்ஸ்காரர் எப்படியோ சமாளித்து நிமிர்த்திவிட்டார். அவரால் சமாளிக்க முடிந்தது, அவர் பிடித்துக்கொள்ள ஹேண்டில் இருந்தது. அவள் சாலையில் கிடந்தாள்.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இனிமே நான் பஸ்லயே போய்க்கிறேன்." அவ்வளவுதான், பேச்சு நின்றது. வீட்டில் சாப்பாட்டுக்கு உப்பு போதுமா, மாமாவுக்கு மாத்திரை கொடுத்தாயிற்றா என்கிற அளவோடு எல்லாம் முடிந்தது. சில நாள் அவள் ரொம்பத் தாமதமாக வந்தாள். பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அவளில்லாத வண்டியில் சுற்று வழிக்கு வேலையில்லை. கடைவிட்டால் நேராக வீடு, வீட்டில் அப்பாவின் டி.வி. மனிதர் வாடிப்போனார். அவளைத் திரும்ப அந்தச் சீட்டில் உட்கார வைக்காவிட்டால் மிச்சக் காலத்தை இப்படி உப்பு, மாத்திரை என்றே ஓட்டவேண்டியதுதான் என்று அவருக்கு உறைத்தது. அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

பழகின பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். இரும்பு கடைகிற லேத்தும், அழுத்தி இறக்குகிற பிரஸ்ஸும் வைத்திருப்பவர். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டிக் காட்டினார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. குற்றம் சக்கரத்தில் இல்லை, அதைத் தாங்குகிற சுவிங் ஆர்மில். பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, முன்னால் ஒரே நீள போல்ட்டில் சேசிஸோடு கோர்த்து, மேடு பள்ளத்துக்கெல்லாம் ஏறி இறங்கிக் கொடுக்கிற இரும்புக் கை அது. அந்த போல்ட்டைச் சுற்றி உள்ளே இருந்த புஷ் என்கிற உலோக வளையம் கிரீஸையே பார்க்காமல் தேய்ந்து, அது உட்கார்ந்திருந்த துளையும் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. புது புஷ் போட்டாலும் நிற்காது. அந்த மாடல் ஆர்ம் இப்போது வருவதும் இல்லை.

வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு வேறு பார்க்கச் சொன்னார் பட்டறைக்காரர். லென்ஸ்காரர் ஒற்றைக் காலில் நின்றார். வேறு வண்டி வாங்கினால் அவள் உட்கார்ந்துவிடுவாளா என்ன? அவள் விழுந்தது இந்த வண்டியிலிருந்து. கடைசியில், அதே கம்பெனியின் பின்னாளைய மாடலிலிருந்து ஓர் ஆர்ம் பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்தது. புஷ்ஷுக்குப் பதிலாக ஊசி பேரிங் போடுகிற ரகம்; குண்டூசி போன்ற மெல்லிய உருளைகள் வட்டமாக அடுக்கியது. நல்ல கனம், துருவும் இல்லை. சேசிஸில் உட்காருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் அகலம் குறைவு, நீளம் இரண்டு விரல்கடை அதிகம். அகலத்துக்கு வாஷர் கடைந்து போட்டுக்கொள்ளலாம். நீளத்தைப் பற்றிப் பட்டறைக்காரர், "சக்கரம் கொஞ்சம் பின்னாடி போகும், அவ்வளவுதான்" என்றார்.

புது பேரிங்குகளைக் குளிர வைத்தால் சுருங்கி, சிரமமில்லாமல் இறங்கும் என்றும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். லென்ஸ்காரர் அவற்றைப் பொட்டலம் கட்டி வீட்டு பிரிட்ஜில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் மனைவி அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். திரும்ப மடித்து அங்கேயே வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. "பிரிட்ஜுல என்னமோ இரும்பு வாசனை வருதே" என்று முன்னறையிலிருந்து அப்பாதான் குரல் கொடுத்தார். அவருக்கு மூக்கும் அப்படி.

பேரிங் இரண்டும் பிரஸ்ஸில் அலுங்காமல் இறங்கின. அவற்றுக்கு நடுவே ஒரு குழாய் போகும், காலர் என்பார்கள். நீள போல்ட்டை முறுக்கும்போது சேசிஸின் பிடி இந்தக் காலர்மேல்தான் விழவேண்டும், ஆர்ம்மேல் விழக்கூடாது. அப்போதுதான் ஆர்ம் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும். பட்டறைக்காரர் காலரைக் கடைந்து கொடுத்தார். கோர்த்து முறுக்கினார்கள். சக்கரமும் ஷாக் அப்சார்பரும் இல்லாத வெறும் ஆர்மைத் தூக்கி விட்டால் அது தன் எடையில் தானே இறங்கவேண்டும். இறங்கவில்லை. விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. காலர் ஒரு மயிரிழை குட்டை.

பட்டறைக்காரருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். ஆர்மைக் கையால் இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "விடுங்கண்ணே. ஓட ஓட பழகிடும்" என்றார்.

லென்ஸ்காரருக்குச் சுருக்கென்றது. தன் கடைவாசலில் நின்று தன்னிடமே கண்ணாடி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போயிருப்பார்கள்! அவளும் அப்படித்தானே வாயை மூடிக்கொண்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. போல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, சாப்பிட்டு வாங்க, வேற காலர் கடையலாம் என்றார். பட்டறைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போனார், வந்தார், கடைந்தார். அளவெடுத்தது லென்ஸ்காரர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. இந்தத் தடவை ஆர்மைத் தூக்கி விட்டதும், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனவன் தலை சாய்வது போல மெல்ல இறங்கியது. பட்டறைக்காரரே இன்னொரு தரம் தூக்கி விட்டுப் பார்த்தார்.

பிறகு சக்கரம், செயின், ஷாக். பட்டறைக்காரர் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நூல் பிடித்து நேர் பார்த்தார். அந்த வாரம் முழுக்க லென்ஸ்காரர் தனியாக ஓட்டினார். மெதுவாக, வேகமாக, பள்ளத்தில், தண்ணீர்த் தொட்டி வளைவில். வண்டி கம்பியில் கட்டி இழுத்த மாதிரி நேராகப் போனது.

இனி அவளிடம் கேட்கவேண்டும். அது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் போய் நின்றார். முன்னறையில் டி.வி.யின் சத்தம் குறைந்தது. அப்பா கேட்கிறார் என்று அர்த்தம். கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

"வண்டி சரியாயிடுச்சு" என்றார்.

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்த மணிக்கட்டில் இன்னும் முழு வலு வரவில்லை. இடது கையால் துடைத்தாள். "சரியாயிடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க முன்னாடியில்ல உக்காருறீங்க."

அசடு வழிய நின்றார். "நீ உக்காந்து சொன்னாதான் தெரியும்" என்றார்.

"சொன்னேனே. மூணு தடவை."

"சொன்னே. நான்தான் கேக்கல." வாசலிலிருந்து ஓர் அடி உள்ளே வந்தார். "இனிமே வாயால சொல்லக்கூட வேணாம். தோள்ல ஒரு தட்டு தட்டு. எங்கன்னாலும் நிறுத்திடறேன்."

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் மறுநாள் மாலை அவர் காப்பகத்து வாசலில் போய் நின்றபோது, பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் வண்டியிடம் வந்தாள். ஒருக்களித்து உட்காரவில்லை; இருபக்கமும் கால் போட்டு, சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோளில் கை விழவில்லை. பேச்சும் இல்லை. லென்ஸ்காரர் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு ஓட்டினார். வண்டி நூல் பிடித்த மாதிரிதான் போனது. உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட எட்டிப்பார்த்தது.

தண்ணீர்த் தொட்டி வளைவுக்கு முன்னால் ஒரு மேடு. அதில் ஏறி இறங்கினார்கள். தோளில் ஒரு தட்டு விழுந்தது.

அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆட்டமில்லை, சத்தமில்லை. நூல் பிடித்துப் பார்த்த வண்டி, ஒரு வாரம் ஓட்டிய வண்டி. இவள் பயத்தில் தட்டுகிறாள் என்றுதான் தோன்றியது. பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். வேன்காரன் எட்டிப் பார்த்து ஏதோ வைதுவிட்டுப் போனான்.

"என்னமோ உரசுச்சு. எனக்குக் கீழ" என்றாள்.

குனிந்து பார்த்தார். டயர் நடுவில் புதிதாக ஒரு கீறல். நம்பர் பிளேட்டைப் பிடித்த போல்ட் மட்கார்டின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஆர்ம் இரண்டு விரல்கடை நீளமானதில் டயர் சரியாக அதற்கு நேர் கீழே வந்திருந்தது. தனியாக ஓட்டினால் எட்டாது. பின்னால் ஒருவர் உட்கார்ந்து, ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் முட்டும். ஒரு வாரம் எல்லாச் சாலையிலும் ஓட்டிப் பார்த்த மனிதருக்கு, அந்தச் சீட்டில் ஆள் இல்லாமல்தான் ஓட்டுகிறோம் என்பது தோன்றவே இல்லை. இன்னும் நாலு மேடு போயிருந்தால் டயர் கிழிந்திருக்கும்.

"நீ சொன்னது சரி" என்றார். வேறொன்றும் சேர்க்கவில்லை.

அவள் கீறலை விரலால் தொட்டுப் பார்த்தாள். நீங்கள் தனியாக ஓட்டிக்கொண்டு போங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன் என்றாள். அதுதான் நியாயமும்கூட. ஸ்பேனர் வீட்டில் இருந்தது. போகிற வழியில் பட்டறை இருந்தது. அங்கே நிறுத்தினால் இரண்டு நிமிஷ வேலை. லென்ஸ்காரர் அசையவில்லை.

"பஸ் வேணாம். தள்ளிக்கிட்டே போயிடலாம்" என்றார். கொஞ்ச தூரம் தள்ளிய பிறகு கேட்டார். "அன்னிக்கு இங்கதான், உங்க அக்கா போன் பண்ணதா ஏதோ ஆரம்பிச்சே. அது என்ன ஆச்சு?"

"அது முடிஞ்சு போச்சுங்க" என்றாள். "அக்காவுக்கு மார்புல ஒரு கட்டி. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. நான்தான் கூடப் போனேன், கையில கட்டோட. ஒண்ணுமில்லன்னு போன வாரம் சொல்லிட்டாங்க."

தாமதமாக வந்த நாட்களெல்லாம் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பஸ் கிடைக்கவில்லை என்று அவரே முடிவு கட்டிக்கொண்ட நாட்கள். ஒரே வீட்டில், ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, அவள் அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள். கால் நின்றுவிட்டது. வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு, "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றார்.

"எங்க வச்சுச் சொல்றது?" என்றாள்.

அவருக்குக் கண் மங்கியது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவள் பின்னால் போய், பின் சீட்டில் இடது கையை வைத்துத் தள்ளினாள். "நடங்க. நடுரோட்ல நின்னா யாராவது திட்டுவாங்க."

நடந்தார்கள். பிறகு அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அக்கா போனில் அழுதது, அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருவரும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது, நர்ஸ் அவள் கைக்கட்டைப் பார்த்து நோயாளி இவள்தான் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனது. அந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பட்டறை வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடி வந்து, என்னாச்சுண்ணே என்றார். அவள் இன்னும் சொல்லி முடித்திருக்கவில்லை. லென்ஸ்காரர் நாளைக்கு வருகிறேன் என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, வண்டியைச் சுற்று வழியில் திருப்பினார்.