படத்துக்குக் கீழே ஒரு பெயர்

2005-இல், ஏழாம் வகுப்பில், நான் செய்து வைத்த காரியத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்கிறேன். பள்ளிக் கண்காட்சிக்கு, ‘உப்பளத் தொழிலாளர்களின் நோய்கள்’ என்று ஒரு புராஜெக்ட். மரக்காணத்துப் பெண் நான். ரோட்டைத் தாண்டினால் உப்பளம். ஆனால் இந்த மகாராணிக்குப் படம் பிரவுசிங் சென்டரிலிருந்துதான் வேண்டியிருந்தது.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் எடுத்த கலர் படம் கிடைத்தது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலைத்துணியை மூக்குவரை இழுத்துக் கட்டிய ஒரு பெண், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உப்பு வாருகிறாள். சார்ட்டில் ஒட்டி, ‘கண் பார்வை கெட்டுப்போன பெண்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். “அடுத்தவங்க படத்த எடுத்தா அவங்க பேரப் போடணும்” என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் மூலையில் படம் எடுத்தவர் பெயரைப் பொடியாக எழுதினேன். என்ன பெருமை எனக்கு!

கண்காட்சிக்கு அத்தை வந்தாள்; அப்பாவின் தங்கை, உப்பளத்தில்தான் வேலை. அவளுக்குப் பக்கத்து ஊரில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அந்த மாப்பிள்ளையின் அம்மாவும் தன் கடைசிப் பெண்ணின் சார்ட்டைப் பார்க்க வந்திருந்தார்.

“அய்யய்யோ, இது நான்டி! உங்கப்பா சட்டையப் பாரு!” என்று அத்தை அலறினாள்.

“இல்லத்த, இது கம்ப்யூட்டர்ல வந்த படம்” என்று அடித்துச் சொன்னேன். கம்ப்யூட்டரில் வருபவர்கள் எங்கேயோ இருப்பவர்கள் என்பது என் எண்ணம். பிறகுதான் சட்டையைப் பார்த்தேன். கிழிந்த பைக்குப் பூப்போட்ட துணி வைத்துத் தைத்த சட்டை. எங்கள் வீட்டுக் கொடியில் தினமும் காய்வது. தூக்கிவாரிப்போட்டது.

அதற்குள் அந்த அம்மா கொட்டை எழுத்தைப் படித்துவிட்டார். “கண்ணு தெரியாதுன்னு எங்ககிட்ட சொல்லவே இல்லியேம்மா?”

அத்தை சார்ட்டுப் பக்கம் பாய்ந்தாள். “நல்லாத் தெரியுதுங்க” என்று குனிந்து, மூலையிலிருந்த பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள். அந்த அம்மா நிற்கவில்லை. தன் பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டார். சம்பந்தமும் அதோடு போயிற்று.

“எவனோ படம் எடுத்தான்னு அவன் பேரப் போட்டியே, நான் ஒரு ஆளாத் தெரியலியாடி உனக்கு?” அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள்.

பாவம், தன் பெயர் விட்டுப்போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். உடனே ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன். ‘கண் பார்வை கெட்டுப்போன பெண்’ என்பதற்குக் கீழேயே அத்தையின் முழுப் பெயரையும் எங்கள் தெருவையும் பெரிதாக எழுதினேன். தப்பைச் சரிசெய்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன். கண்காட்சி இன்னும் இரண்டு நாள் நடந்தது.