சும்மா கெடக்கு

வேப்பந்தட்டைப் பக்கத்து ஊர்ப் பெண் தென்றலுக்கு வாய் கொஞ்சம் நீளம்; ஆனால் கை சுத்தம். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுப் பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடையில் நின்றவளைச் சர்வே வேலைக்கு எடுத்தவர் மகேஷ் சார். இன்னும் இருபது வருசத்தில் நாட்டுக்கு எவ்வளவு கரண்டு வேண்டும், அதில் நிலக்கரி எவ்வளவு, சோலார் எங்கே என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அரசாங்கத்துக்கு யோசனை சொல்கிறவர் அவர். அந்தக் கணக்குக்கு ‘மாடல்’ என்று பெயர். அதற்கு ஊர் நிலத்தின் விவரம் வேண்டுமாம்.

சித்திரை வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். “காட்டுல என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில். பெரியம்மா பாப்பாயியும் அதையேதான் சொன்னாள்: “சும்மா கெடக்குடி.”

சும்மா கிடக்கிறது என்றால் யாருக்கும் வேண்டாத நிலம் என்றா அர்த்தம்? ஆடியில் நாலு மழை விழட்டும், மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுவிடுவார்கள். மானாவாரி நிலம் அப்படித்தான். ஆனால் சார் கொடுத்த டேப்லெட்டில் இருந்தது இரண்டே கட்டம்: பயிர், காலி.

தென்றல் போன் போட்டாள்.

“காலின்னே போடும்மா. குறிப்புல வெவரமா எழுதிடு, நான் பாத்துக்கறேன்,” என்றார்.

இருநூற்றுப் பதினோரு பேருக்கும் ‘ஆடியில் விதைப்பு உண்டு’ என்று விரல் வலிக்க எழுதினாள்.

தை மாதம் கல்யாண மண்டபத்தில் மகேஷ் சார் கூட்டம் போட்டார். ஊரே வேன் பிடித்துப் போனது. திரையில் விரிந்த வரைபடத்தில் அவர்கள் காடு முழுக்க மஞ்சள். சோலார் போட ஏற்ற காலி இடமாம்! அறிக்கையும் அரசாங்கத்துக்குப் போய்விட்டதாம்.

தென்றல் எழுந்துவிட்டாள். “சார், குறிப்பு?”

“மாடல் நம்பரத்தாம்மா படிக்கும். எழுத்தையெல்லாம் எடுத்துட்டோம்.”

“நீங்க படிப்பீங்கன்னுதானே சார் எழுதினேன்!”

கூட்டம் கொந்தளித்தது. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை மைக் பிடித்தே செய்தார் அந்த மனுசன். “எங்ககிட்ட ஏன் கோவப்படறீங்க? எழுதினது உங்க ஊர்ப் பொண்ணுதான். இதோ பாருங்க, பேர் இருக்கு.”

அடப் பாவி!

பாப்பாயி திரும்பினாள். “ஏன்டி, நானா காலின்னு சொன்னேன்?”

“பெரியம்மா, குறிப்புல...”

“அத வுடு. காலின்னு போட்டது நீயா, அவனா?”

தென்றலுக்குப் பொய் வராது. “நான்தான்,” என்றாள்.

திரும்பும்போது வேனில் ஏறப் போனாள். பாப்பாயி தன் பக்கத்து சீட்டில் பையைத் தூக்கி வைத்தாள். ஏறு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.