ஒன்றிலிருந்து எண்ணியவள்

லிஃப்டில் தரைத்தளத்துக்குப் பூஜ்யம் என்று போட்டிருந்த பொத்தானை அவள் அமுக்கவே மாட்டாள். ஒன்றை அமுக்கி, முதல் மாடியில் இறங்கி, மிச்சத்தைப் படியில் கடப்பாள். "வீட்டுல தட்டு எத்தனைன்னு எண்ணச் சொன்னா பூஜ்யம்னு ஆரம்பிப்பீங்களா?" என்று பக்கத்தில் நிற்பவர் யாரானாலும் கேட்டுவிடுவாள். வெள்ள முன்னறிவிப்பு அலுவலகம் முழுக்க அவளுக்கு 'ஒண்ணு' என்றே பெயர்.

அவள் கல்லூரியில் கற்ற ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழி அப்படி. எதையும் ஒன்றிலிருந்துதான் எண்ணும். அலுவலகத்தின் வெள்ளக் கணக்கு முழுதும் அந்த மொழியில்தான் ஓடியது: எவ்வளவு மழைக்கு ஆறு எவ்வளவு ஏறும், எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கும். இருபத்தாறு வருஷமாக அதற்குச் சோறூட்டாத குறையாக வளர்த்தவள் அவள். எதிர் மேசைக்காரருக்கு சி மொழி. சி பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஆகவே அவர் 'பூஜ்யம்'. இருவருக்கும் ஒரே வயது. பத்து வருஷமாக ஒரே சண்டை.

அவள் குடியிருந்தது ஆற்றை ஒட்டிய பள்ளத் தெருவில், அக்காவின் சலவைக்கடைக்கு மேல் மாடியில். சோப்பு வாசனை இல்லாமல் அவளுக்கு விடிந்ததே இல்லை. ஒரு மழைக்காலத்தில் கடைக்குள் ஆறு வந்தது. நான்கு இயந்திரங்களில் இரண்டு போயின. எச்சரிக்கை மூன்று மணி நேரம் கழித்து வந்தது. கணக்கு ஓடி முடிய ஐந்து மணி நேரம் ஆகும். முடியும்வரை அது எழுதும் கோப்பை யாரும் திறந்து பார்க்க முடியாது. அதுதான் காரணம்.

"வெள்ளம் வந்த பிறகு வெள்ளம் வரும்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸ். அதுக்கு ஒரு லிஃப்ட் வேற," என்றாள் அக்கா, சேற்றை வழித்துக்கொண்டே. "இன்னொரு தடவை மெஷின் நனைஞ்சுதுன்னா கடையை இழுத்து மூடிடுவேன். சொல்லிட்டேன்."

அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. இரண்டு மாதத்தில் பூஜ்யம் ஒரு வழி கண்டுபிடித்தார். சி மொழியில் எழுதப்பட்ட தரவுக் களஞ்சியம் ஒன்று. ஒருவர் எழுத எழுதவே இன்னொருவர் படிக்கலாம். "ஆனா உங்க ஃபோர்ட்ரான் அதுகிட்ட நேராப் பேசாது மேடம். நடுவுல ஒரு பைண்டிங் வேணும். இங்க கேக்கிறதை அங்க சொல்லி, அங்க சொல்றதை இங்க சொல்ற ஆள் மாதிரி."

"ஆள் இருக்காரா?"

"இருக்காரு. அரைகுறை. களஞ்சியத்துக்கு அறுபது வேலை தெரியும், பைண்டிங்குக்கு இருபத்தெட்டுதான் தெரியும். நமக்கு வேணுங்கறது அந்த இருபத்தெட்டுல இல்ல."

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வேலை: 'இந்த மணி நேரத்தின் வெள்ளப் படத்தை இத்தனையாவது கட்டத்தில் போடு, போட்டதும் எல்லாருக்கும் காட்டு.' இல்லாவிட்டால் என்ன, நாமே சொல்லிக்கொடுப்போம் என்று இறங்கிவிட்டாள். மூன்று வாரம் மேசை அதிர்ந்தது. ஒவ்வொரு வரி ஓடும்போதும் மேசையில் ஓங்கி ஒரு தட்டு; அவளுடைய தேநீர்க் குவளையை அலமாரிமேல் வைத்துவிட்டார் பூஜ்யம். கடைக்குள் ஆறு வந்த அந்த நாளின் மழையைக் கொடுத்து ஓட்டிப் பார்த்த அன்று, கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டுப்பாட்டு அறைத் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அறையே எழுந்து நின்றது.

படங்களை அச்செடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். "பாரு அக்கா! பதினோரு மணிக்கு நம்ம தெரு காய்ஞ்சு கிடக்கு. பன்னிரண்டுக்கு ரெண்டடி!"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினாள். "பதினொண்ணுக்குக் காய்ஞ்சு கிடந்துச்சா? யாரு வீட்டுல? பதினொண்ணுக்கு நான் நாற்காலி மேல நின்னு பிளக்கைப் பிடுங்கிக்கிட்டிருந்தேன். சுவத்துல கோடு போட்டு எழுதியே வச்சிருக்கேன், கண்ணைத் திறந்து பாரு."

"கணக்குதானே அக்கா. ஒரு மணி நேரம் முன்னப் பின்ன இருக்கும்."

"ஒரு மணி நேரம்னா எனக்கு ரெண்டு மெஷின்டி."

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்கு நேராகப் போகவில்லை. பஸ் டிப்போவுக்குப் போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். தண்ணீர் உள்ளே வந்து பஸ்கள் நின்றது பன்னிரண்டு மணிக்கு. படத்திலோ ஒரு மணிக்கு. ஐந்து பத்து நிமிஷம் தப்பினால் மழையைக் குறை சொல்லலாம். இரண்டு இடத்திலும் சொல்லிவைத்தாற்போல் முழுசாக ஒரு மணி தப்பினால் மனுஷரைத்தான் சொல்ல வேண்டும்.

"பூஜ்யம் சார், களஞ்சியத்துல முதல் கட்டத்துல என்ன இருக்கு?" மூச்சு வாங்கக் கேட்டாள்.

"காலி. உங்க கணக்கு சூடாக ஒரு மணி நேரம் ஆகுதாக்கும்னு விட்டுட்டேன்."

"சூடாக அது என்ன வெந்நீரா?"

காலி என்ற சொல் அப்போதுதான் உறைத்தது. பைண்டிங்கின் பழைய வேலைகளைத் திறந்து பார்த்தாள். இருபத்தெட்டும் ஃபோர்ட்ரான் சொல்லும் எண்ணில் ஒன்றைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டுத்தான் சி-யிடம் கொடுத்தன. இருபத்தொன்பதாவது, அவள் எழுதியது, கழிக்கவில்லை. அவள் 'ஒன்று' என்றாள். பூஜ்யத்திலிருந்து எண்ணும் சி அதை இரண்டாவது கட்டத்தில் போட்டது. படத்தில் ஊர் முழுக்க வெள்ளம் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது.

மேசையில் விழுந்த தட்டுக்கு அடுத்த அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துடுச்சு சார்!"

"பூஜ்யத்தைப் பகைச்சா இப்படித்தான் மேடம்."

ஒன்றைக் கழிக்கும் ஒரு வரியைச் சேர்த்தாள். அதன் பக்கத்தில் குறிப்பு ஒன்றும் எழுதினாள்: 'இது பூஜ்யம் சாருக்கு.' அவள் இப்போது இல்லை. அந்த வரி இருக்கிறது. மழை வரும்போதெல்லாம் ஒன்றைக் கழித்துக்கொண்டிருக்கிறது.

அந்த வருஷ மழை ஒரு புதன்கிழமை பிடித்துக்கொண்டது. காலை ஒன்பதுக்குக் கணக்கு கிளம்பியது. மணி பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பிற்பகல் ஒரு மணிக்கான படம் திரையில் விழுந்தது: பள்ளத் தெரு, இரண்டடி. கட்டுப்பாட்டு அறை தொலைபேசிகளை எடுக்க, அவள் தன்னுடையதை எடுத்தாள்.

"அக்கா, பிளக்கைப் பிடுங்கு. ஒரு மணிக்கு வருது. நான் வந்துக்கிட்டே இருக்கேன்!"

குடையை மறந்து லிஃப்டுக்கு ஓடினாள். பின்னாலேயே ஓடிவந்த பூஜ்யம் அவள் விரல் போன இடத்தைப் பார்த்தார். பூஜ்யத்தை அமுக்கியிருந்தாள்.

"மேடம்..."

"பேசாம வாங்க சார். தூக்க ஆள் வேணும்."

பலகை, கயிறு, பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன், அக்கா, பூஜ்யம், அவள். புதிதாக வாங்கிய இரண்டையும் சேர்த்து நான்கு இயந்திரங்களும் ஒவ்வொன்றாக மாடிப்படி ஏறின. "என் பக்கம் சாயுது!" "சார், சி-யில தூக்காதீங்க, கையில தூக்குங்க!" நான்காவது இயந்திரம் படி திரும்பும் இடத்தைத் தாண்டியபோது மணி பன்னிரண்டு ஐம்பது. கீழே வாசலுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு நாக்கு மெல்ல உள்ளே நீண்டது.

நால்வரும் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். தண்ணீர் காலிக் கடையைச் சுற்றிப் பார்த்தது. எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அக்கா மட்டும் இரண்டு படி இறங்கி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'ஒரு மணி' என்று எழுதினாள். பிறகு திரும்பித் தங்கையைப் பார்த்தாள்.

"பரவாயில்லடி. உங்க ஆபீசுக்கு லிஃப்ட் இருக்கலாம்."