மூன்றரை மணி நேரம்

என் தாய்மாமா பொய் சொல்லத் தெரியாதவர். வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய பொய்யைச் சொன்னார், அதையும் பாசத்தில்தான் சொன்னார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அப்போது நாங்கள் பாயான் பாருவில் குடியிருந்தோம். அம்மா திருச்சியிலிருந்து கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்தவர். ஒரு வியாழக்கிழமை காலை மாமா திருச்சியிலிருந்து அம்மாவை அழைத்தார்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல பாப்பா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரு."

தாத்தா விடியற்காலையிலேயே இறந்துவிட்டிருந்தார். தூரதேசத்தில் இருக்கும் மகளிடம் சாவை அப்படியே சொன்னால் வழியில் எங்காவது விழுந்துவிடுவாள் என்று ஊரில் எல்லோரும் சொல்கிற பொய்தான் அது. தங்கை குறிப்பறிந்து அடித்துப் பிடித்து ஓடிவருவாள் என்று மாமா நம்பினார். தங்கையோ அண்ணன் சொன்னதை அப்படியே நம்பினார்.

அப்பா கைப்பேசியில் தேடிப் பார்த்துச் சொன்னார்: "மூன்றரை மணி நேரந்தான்லா. காடி ஓட்டிக்கிட்டு ஜொகூர் போனாலே அதுக்கு மேல ஆவும்."

வானத்தில் கோடு போட்டுச் சொன்ன கணக்கு அது. பினாங்கிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இல்லை, கோலாலம்பூரில் மாற வேண்டும் என்பதெல்லாம் அதில் சேரவில்லை. ஆனாலும் அம்மாவுக்கு அது பெரிய தெம்பாகிவிட்டது. மறுநாள் தொழிற்சாலையில் வேலையை முடித்து, லீவு சொல்லிவிட்டு, இரவு போய்ச் சேர்ந்தால் போதும் என்று டிக்கெட் எடுத்தார்.

அன்று மாலை என்னைக் கூட்டிக்கொண்டு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக் கடைகளுக்குப் போனார். தாத்தாவின் மூட்டுவலிக்குத் தைலம் வாங்கினார். கைலிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, உள்ளதில் மெத்தென்றிருந்ததை எடுத்தார். செத்துக் கிடந்தவருக்கு நாங்கள் நிறம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடையிலிருக்கும்போதே மாமா மறுபடி அழைத்தார். நான்தான் எடுத்தேன்.

"அம்மா கெளம்பிட்டாளா கண்ணு?"

"நாளைக்கு ராத்திரி வந்துருவாங்க மாமா."

மாமாவுக்குப் பின்னால் மேளம் அதிர்ந்தது. என்ன மேளம் என்று கேட்டேன்.

"கோயில்ல திருவிழாம்மா" என்றார். "கொஞ்சம் வெரசா வரச் சொல்லு."

சொன்னேன். "எங்கண்ணன் எப்பவுமே அவசரக்காரரு" என்று அம்மா சிரித்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை என்று மாமா பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டு என்ன செய்ய?

ஐஸ் பெட்டியில் வைத்து வெள்ளிக்கிழமை மாலைவரை காத்திருந்தார்கள். சனிக்கிழமை விடியும்போது வீட்டில் பிணம் கிடக்கக் கூடாது என்று உறவுக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றதால், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அந்நேரம் அம்மா கோலாலம்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தார். போய் இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டு, கூடத்தில் விளக்கு மட்டும் ஏற்றி வைத்திருந்தார்களாம். மகள் கையால் போட வேண்டிய வாய்க்கரிசியை அம்மாவால் போட முடியவில்லை. தன் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை அம்மாவின் அழைப்பு வந்தது. அப்பா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தாத்தாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தாத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் முடியலயாம்மா. நீ சாமி கும்பிட்டுக்க."

உடனே குளித்துவிட்டு வந்து முருகன் படத்தின் முன்னால் நின்றேன். தாத்தா சீக்கிரம் எழுந்து உட்கார வேண்டும் என்று, அம்மா திரும்பி வரும்வரை தினமும் காலையில் வேண்டிக்கொண்டேன்.