பூஜ்யத்தில் நின்ற மீட்டர்

இணையத்தில் எவ்வளவு வருகிறது, போகிறது என்று காட்டும் மீட்டரை என் கணினித் திரையில் வைத்திருந்தேன். ஒருநாள் இணையம் நன்றாக ஓடியும் அது பூஜ்யத்திலேயே நின்றது. சாரம் பகுதியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மாலா முந்தின நாள்தான் பிரிண்ட் எடுக்க அந்தக் கணினியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கொடுத்திருந்த என் வைஃபையில் படங்களாக இறக்கிவிட்டு, தெரியாமலிருக்க மீட்டரைக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லாமல் வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன்.

"தாத்தா, நெட்டு வரலியே! இப்ப எனக்கு இன்டர்வியூ" என்று ஓடிவந்தாள்.

"எனக்கும்தான் வரல" என்று பொய் சொன்னேன்.

மாலையில் மீட்டரின் செட்டிங்கைத் திறந்தேன். முந்தின நாள் அறைக்கு வெள்ளையடிக்கும்போது கணினியின் இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபைக்கு மாறியவன் நான்தான். மீட்டர் இன்னும் அந்தக் கேபிளையே அளந்துகொண்டிருந்தது.

மாடியேறி உண்மையைச் சொன்னேன்.

"இன்டர்வியூ போயிடுச்சி தாத்தா. பாஸ்வேர்டு வேணாம், போன்லயே பாத்துக்கறேன்" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இப்போதும் படியிறங்கும்போது சிரிக்கிறாள். ஆனால் நின்று பேசுவதில்லை.