தெரேசா அக்காவும் கிடைத்தும் தொலைந்த பதிவேடும்

என் அக்கா தெரேசா, இங்கே பர்மாவில், கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபத்தாறு வருடம் டைப்பிஸ்ட். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களை அவள் பார்த்த பார்வையில், கேட்டவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எடுத்த வேலையை அரைகுறையாக விட அவளுக்குத் தெரியாது. 2005-இல் எங்கள் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கரையான் அரிப்பதைப் பார்த்தாள். யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் தமிழில் டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் வாங்கிக் கொடுத்த பழைய லேப்டாப்பில் இரண்டரை வருட வேலை.

அடித்து முடித்ததை ஒரு சீடியில் போட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று பதிவேடுகள் இருந்த அதே அலமாரியில் வைத்தாள். 2008 நர்கிஸ் புயலில் கூரை அந்த அலமாரிமேலேயே விழுந்தது. பதிவேடு கூழானது, சீடி நொறுங்கியது. வீட்டில் இருந்த லேப்டாப் மட்டும் தப்பியது. இன்னொரு சீடி போடச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். "மீ வரட்டும்டா, போடுறேன்" என்பாள். மீ என்றால் எங்கள் பேச்சில் கரண்ட். அது வரும், போகும். சீடி மட்டும் போட்டபாடில்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் ஏசுரத்தினம் அண்ணன் வந்தார். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மீன் எடை போடுகிறவர். மகள் சாராவுக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். குடும்பம் தலைமுறையாக இங்கேயே பிறந்தது என்று காட்ட, அவர் அப்பாவின் ஞானஸ்நானப் பதிவைத் தவிர அவரிடம் வேறு ஆதாரம் கிடையாது. மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அக்காவின் ஃபைலில் இருந்து அச்செடுத்துத் தந்தால் முத்திரை போடுவதாகப் பாஸ்டரும் சொல்லிவிட்டார்.

அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். திரையில் ஒன்றுமில்லை.

கோ ஜோ என்ற பர்மியர் நடத்தும் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனோம். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, முடிந்ததை எடுத்துப் பார்க்கிறேன், இரண்டு நாளில் வாருங்கள் என்றார். இரண்டு நாள் கழித்துப் போனால் மீ இல்லை. அடுத்த முறை மீ இருந்தது, அவர் இல்லை. அதற்கடுத்த முறை இரண்டும் இருந்தன, ஏதோ ஒரு ஒயர் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையையே கவிழ்த்திருப்பேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மாத முடிவுக்கு நாலு நாள் இருக்கும்போது அவரே போன் பண்ணினார். "கிடைச்சிருச்சு, வாங்க!" போனோம். அவர் எடுத்துப் போட்டிருந்த சீடியில் அக்காவின் ஆபீஸ் கடிதங்கள் இருந்தன. த்வாண்டேயில் நடந்த ஒரு கல்யாணத்தின் படங்கள்கூட இருந்தன. பதிவேடு மட்டும் இல்லை.

"இன்னும் நூத்துக்கு மேல ஃபைல் இருக்கணுமே?" என்றாள் அக்கா பர்மிய மொழியில்.

"ஆமா தெரேசாக்கா, வந்துச்சு. எல்லாம் உடைஞ்ச ஃபைல். திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா குப்பை. இடமில்லைன்னு அழிச்சிட்டேன். நீங்க நம்பணுமேன்னு ஒரு பக்கம் அச்செடுத்து வச்சிருக்கேன்." நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். மறுபடி எடுக்கலாம் என்றால், டிஸ்க் அதற்குள் சுற்றுவதையே நிறுத்திவிட்டது.

அக்கா அந்தத் தாளை வாங்கினாள். எனக்கும் அது குப்பையாகத்தான் தெரிந்தது. அவள் தாளைக் கவுண்டரில் வைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் மரப்பலகையில் விரலைத் தட்டிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று... பெயர் ஞானப்பூ... தகப்பன் தொழில் ரயில்வே..."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அடித்தது ஒரு தமிழ் எழுத்துருவில். அது கோ ஜோவின் கம்ப்யூட்டரில் இல்லை. அது இல்லாத இடத்தில் தமிழெல்லாம் அவள் தட்டிய இங்கிலீஷ் எழுத்துகளாகவே தெரியும். விரலுக்கு மட்டும் அது தமிழ்.

பக்கம் முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணும் உடையலடா டேனி. எல்லாம் முழுசா வந்திருந்துச்சு."

அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எழுத்துருவைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. யாரை நொந்துகொள்வது?

அந்தப் பக்கத்தில் ஏசுரத்தினம் அண்ணனின் அப்பா இல்லை. மறுநாள் அவர் வந்ததும் அக்கா நடந்ததைச் சொன்னாள்.

"எங்கப்பா பதிவு உனக்கு ஞாபகமாச்சும் இருக்கா தெரேசா?"

"இருக்குண்ணே. முப்பத்தி நாலு, மார்ச் நாலாந்தேதி, ஞாயித்துக்கெழமை. தகப்பன் சவரிமுத்து. தாய் செல்லக்கண்ணு."

"அப்ப அதையே எழுதிக் குடேன்."

"நேத்தே பாஸ்டர்கிட்ட கேட்டேண்ணே. ஞாபகத்துக்கு முத்திரை போட முடியாதுன்னுட்டார்."

அவர் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"தாய் பேரு என்ன சொன்னே? தன் அம்மா பேர எங்கப்பா சொன்னதே இல்ல."

"செல்லக்கண்ணு."

"செல்லக்கண்ணு" என்று ஒரு தரம் தானும் சொல்லிப் பார்த்தார். "சரி, சாராகிட்ட இதையாச்சும் கொண்டுபோறேன்."